பலகையிலிருந்து ஒரு அட்மிஷன்

கல்லூரியின் விளம்பரப் பலகையில் சிரித்துக்கொண்டிருந்த பெண், சேர்க்கை தொடங்கிய வாரத்தின் திங்கட்கிழமை காலை பலகையிலிருந்து இறங்கினாள். சிக்னலில் சிவப்பு விழும்வரை காத்திருந்து சாலையைக் கடந்தாள். நேரே கல்லூரி வரவேற்பறைக்கு வந்து, தனக்கு ஒரு சீட் வேண்டும் என்று கேட்டாள். அன்று வெயில் சற்றுக் குறைவு. வரவேற்பறையில் இருந்தவளுக்கு நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. அந்தக் கல்லூரி வாசலைத் தாண்டிக் கால் வைத்தவர் யாராயிருந்தாலும், தண்ணீர் கேன் போட வந்தவராகவே இருந்தாலும், முதலில் விண்ணப்பத்தைக் கையில் திணித்துவிட வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம் என்பது தாளாளரின் உத்தரவு. அப்படித்தான் போன வருஷம் மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் வணிகவியலில் சேர்ந்தார், நன்றாகவே படித்துக்கொண்டிருக்கிறார். விண்ணப்ப எண் கணினியில் ஏறிய அந்த நிமிஷமே தாளாளரின் கைபேசியில் மணி அடிக்கும். அடித்த மணியைத் திரும்ப வாங்குகிற தைரியம் கல்லூரியில் யாருக்கும் கிடையாது. ஆகவே வரவேற்பறைக்காரி தலை நிமிர்ந்து, ‘இந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே’ என்று யோசித்தபோது, காரியம் கைமீறிப் போயிருந்தது.

ஆளனுப்பி பேனர்காரரை வரவழைத்தார்கள். கல்லூரியில் அவருடைய பதவி மக்கள் தொடர்பு மற்றும் சேர்க்கை விரிவாக்க அலுவலர். அதை முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும் என்பதால் முதல்வர் முதல் தோட்டக்காரர்வரை எல்லாருக்கும் அவர் பேனர்காரர்தான். ஊர் முழுக்க நின்ற பலகைகள், வழவழ காகிதத்தில் அச்சான கையேடுகள், கல்விக் கண்காட்சியில் வாரி இறைக்கும் பேனாக்கள், துணிப்பைகள், எல்லாம் அவர் கைவரிசை. தொலைபேசி அறையில் காதில் ஹெட்செட் மாட்டிய பெண்கள், ‘இன்னும் கொஞ்சம் சீட்தாங்க இருக்கு’ என்று வருஷம் முழுவதும் சொல்வார்கள். அந்தக் கொஞ்சம் ஒருநாளும் குறைந்ததில்லை. அந்த வாக்கியமும் அவர் எழுதிக் கொடுத்ததே. நல்ல மனிதர். அளந்து விடுவது தொழிலாகிப் போனதே தவிர, வீட்டில் ஒரு பொய் சொல்லத் தெரியாது. பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பாளராக இருந்த மனைவியிடம் சொல்லிப் பார்த்து, ஒவ்வொரு முறையும் மாட்டிக்கொண்டிருக்கிறார்.

அவளைப் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. ஏனென்றால் அவளைச் செய்தவர் அவர். இணையத்தில் காசு கொடுத்து வாங்கிய ஒரு படத்தில் கடற்கரையை அழித்துவிட்டு ஏரியை வைத்தார். தோளில் தொங்கிய பையை எடுத்துவிட்டு மூன்று புத்தகங்களைக் கொடுத்தார், படிக்கிற பிள்ளை மாதிரி இருக்கட்டும் என்று கண்ணாடி போட்டார். இப்போது அதே புத்தகங்களோடு எதிரே நிற்கிறாள். அவற்றைத் திறக்க முடியவில்லை, அட்டை மட்டும்தான். படத்தில் தெரிந்த காதில் தோடு இருந்தது, தெரியாத காதில் இல்லை. முதுகுப் பக்கம் சட்டைக்கு நிறமே கிடையாது, ஃபிளெக்ஸின் பின்புறம் மாதிரி வெள்ளையாக இருந்தது. நடந்தால் லேசாகச் சரசரத்தாள். சிரிப்பை மட்டும் நிறுத்தத் தெரியவில்லை.

“இத்தனை வருஷமா எல்லாரையும் வா வான்னு கூப்பிட்டுட்டு நிக்கிறேன் சார்,” என்றாள். “நான் மட்டும் உள்ள வந்ததே இல்ல.”

பேனர்காரர் அவளைச் சுற்றிக் காட்ட அழைத்துப் போனார். ஏரி எங்கே என்று கேட்டாள். வேலை நடந்துகொண்டிருக்கிறது என்றார். எனக்குப் பின்னாலேயே இருந்ததே சார் என்றாள். நூலகத்துக்குப் போனார்கள். கையேட்டில் இருந்த கண்ணாடிச் சுவர் எங்கே என்று அவள் கேட்கவில்லை; அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று நினைத்தவள்போல், ஜன்னலில் உடையாமல் இருந்த ஒரே ஒரு கண்ணாடியை நன்றாக இருக்கிறது என்று சொன்னாள். பேனர்காரருக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாமா என்றிருந்தது. ஆனால் போகிற வழியில் ஒரு வகுப்பின் கதவு திறந்திருந்தது. உள்ளே புள்ளியியல் ஆசிரியை, குரலை உயர்த்தாமல், மழைக்காலத்தில் குடை விற்கிறவன் எத்தனை குடை வாங்கி வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். முகவெட்டு படத்துக்கு எடுபடாது என்று பேனர்காரர் எந்தக் கையேட்டிலும் போடாத அம்மா அவர். பலகைப் பெண் வாசலில் நின்று கடைசிவரை கேட்டாள். பிறகு, எனக்கு இது போதும் என்றாள்.

பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்றபோது ஒரு சிக்கல் வந்தது. அலுவலகத்தில் எல்லாரும் பேனர்காரரைப் பார்த்தார்கள். அவர் கூரையைப் பார்த்தார். கடைசியில் காப்பாளர் என்ற இடத்தில் போட்டுக் கொடுத்துவிட்டு, அன்று சாயங்காலம் அவளை வீட்டுக்கே அழைத்துப் போனார். அவர்களுக்குப் பிள்ளை கிடையாது. அந்தப் பேச்சை எடுப்பதையே இருவரும் நிறுத்திப் பல வருஷமாகிவிட்டது. கதவைத் திறந்த மனைவி, அவளை ஒரு முறையும் அவள் முதுகை ஒரு முறையும் பார்த்தார். “உங்க வேலையில இன்னும் என்னெல்லாம் வீட்டுக்கு வரும்?” என்று கணவரைக் கேட்டுவிட்டு, பெண்ணை உள்ளே கூப்பிட்டு, மறுநாளே முதுகு உள்ள சட்டை வாங்கிக் கொடுத்தார். விடுபட்டுப்போன காதுக்கும் ஒரு தோடு வந்தது. அவள் அவரை சார் என்றும் அவர் மனைவியை மேடம் என்றும் கூப்பிட்டாள். மாற்றிக் கூப்பிடச் சொல்ல இருவருக்கும் ஆசைதான். கூச்சம் விடவில்லை.

பலகையில் அவள் உருவத்துக்கு ஒரு ஓட்டை இருந்தது; அதன் வழியாக வானம் தெரிந்தது. சிக்னலில் நின்றவர்கள் அண்ணாந்து பார்த்து, ‘உங்கள் இடம் காத்திருக்கிறது’ என்று சொல்லாமல் சொல்கிறார்களாக்கும் என்று தாங்களாகவே ஒரு அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள். விசாரணைகள் குவிந்தன. தாளாளருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்த யோசனை குளிக்கும்போது தனக்கு வந்ததாகப் பலரிடம் சொன்னார். மற்ற கல்லூரிகள் சும்மா இருக்குமா? அவர்களும் தங்கள் பலகைகளில் ஆள் உருவத்துக்கு வெட்டினார்கள். ஓர் ஓட்டை பார்த்தால் யோசனை, ஊர் முழுக்க ஓட்டை பார்த்தால் சலிப்பு. அடுத்த சேர்க்கைக்குள் யாரும் அண்ணாந்து பார்ப்பதை விட்டுவிட்டார்கள். தாளாளர் புதுப் படம் ஒட்டச் சொன்னார். ஒட்டினார்கள். மறுநாள் காலையில் படத்தில் இருந்தவரைக் காணோம், ஓட்டைதான் இருந்தது. ஸ்டெதாஸ்கோப் மாட்டிய பையன், மடிக்கணினி வைத்த பெண், பட்டமளிப்பு அங்கியோடு குதிக்கும் கூட்டம் என்று மாற்றி மாற்றி ஒட்டினார்கள். ஒருவரும் தங்கவில்லை. அவர்கள் யாரும் கல்லூரிப் பக்கம் வரவும் இல்லை. பேருந்து நிலையத்தில் பார்த்ததாகச் சிலர் சொன்னார்கள்.

தாளாளர் பேனர்காரரைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார். “அந்தப் பொண்ணு மேல ஏறணும். இல்லேன்னா நீங்க வெளிய போகணும். ரெண்டுல எதுன்னு திங்கக்கிழமைக்குள்ள பாத்துக்குங்க.” மரியாதையான மனிதர், நீங்க என்றுதான் சொன்னார். பேனர்காரருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. அந்த வயதில் வேலை தேடிப் போகிறவனை எந்தப் பலகையும் வா வா என்று கூப்பிடுவதில்லை. வீட்டில் சொல்லவில்லை. மனைவி அவர் சாப்பிட்ட விதத்திலிருந்தே கண்டுபிடித்துவிட்டார். பெண் அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்குள் அவள் நிறைய மாறிப்போயிருந்தாள். புத்தகங்களில் முதலில் முன்னுரை முளைத்தது, பிறகு படிக்கப் படிக்க ஒவ்வொரு பக்கமாக. சரசரப்பு நின்றுவிட்டது. முதல் பருவத்தில் ஒரு பாடத்தில் அரியர் விழுந்த அன்று வாழ்க்கையில் முதல்முறையாக அவளுக்குச் சிரிப்பு நின்று வாய் மூடியது; பேனர்காரரின் மனைவி அவளைக் கட்டிக்கொண்டு, அழுவது எப்படி என்று கூடவே அழுது காட்டினார். இரண்டாம் முறை எழுதித் தேறினாள். இப்போது அடுத்த பருவத் தேர்வு திங்கட்கிழமை தொடங்குவதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை பேனர்காரர் கூடத்துக்கு வந்தபோது, அவள் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றிருந்தாள். வெள்ளை முதுகு அவர் பக்கம் இருந்தது. புத்தகங்களை நெஞ்சோடு அணைத்து, தலையைச் சாய்த்து, பலகைச் சிரிப்பைச் சிரித்துப் பார்த்தாள். உதடு கோணிக்கொண்டதே தவிர அந்தச் சிரிப்பு வரவில்லை. மறுபடி முயன்றாள்.

“பழகினா வந்துரும் சார்,” என்றாள். “உங்க வேலை போகக் கூடாது. நான் ஏறிக்கிறேன். அங்க நிக்கிறது ஒண்ணும் கஷ்டமில்ல.”

எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளை வார்த்தையால் இழுத்து வந்து சேர்த்த மனிதருக்குக் கடைசியில் கிடைத்தது, எல்லா வீட்டிலும் சொல்கிற வார்த்தைதான்.

“நாளைக்குப் பரீட்சைய வச்சுக்கிட்டு இது என்ன கூத்து? போய்ப் படி.”

மறுநாள் பேனர்காரர் வழக்கம்போல் சவரம் செய்துகொண்டு, அரைக்கைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தி, பலகை ஒட்டுகிறவர்களின் ஏணியில் ஏறி, அந்த ஓட்டைக்குள் போய் நின்றார். தொந்தி மட்டும் கொஞ்ச நேரம் பிடிவாதம் பிடித்தது. பிறகு ஓட்டையே இளகி வழிவிட்டது. தாளாளர் காரை நிறுத்தி, தலையில் கை வைத்துக்கொண்டார். மரியாதையெல்லாம் காற்றில் போயிற்று. “யோவ், என்னய்யா பண்றே மேல?” என்றார்.

“பலகையில ஆள் இருக்கணும்னீங்க சார். இருக்கேன்.”

வழுக்கை விழுந்த, ஏதோ கவலையில் இருக்கிற முகம். ஏரிக்கரையில் அது எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்க்க அலைகிற எல்லாத் தகப்பன்மார்களுக்கும் அதே முகம்தான். சிக்னலில் நின்ற ஒருவர் வண்டியில் இருந்தபடியே, ஹாஸ்டல் எப்படிங்க என்று சும்மா கேட்டுவைத்தார். அத்தனை வருஷமும் பூசி மெழுகிய வாய், அந்த உயரத்தில் ஏனோ பொய்க்கு வளையவில்லை. “சாப்பாடு சுமார்தாங்க. தண்ணி நல்லா வரும். வார்டன் கொஞ்சம் கத்துவார், மனசு தங்கம்,” என்றார். அதன்பிறகு கேள்விகள் நிற்கவில்லை. ஏரி உண்டா என்றால் இல்லை என்றார். நூலகத்தில் எந்த மேஜைக்குக் காற்று வரும் என்று சொன்னார். கணினி அறையில் பாதிதான் வேலை செய்கிறது, ஆனால் புள்ளியியல் அம்மாவிடம் படித்த பிள்ளை எங்கே போனாலும் பிழைத்துக்கொள்ளும் என்றார். பச்சை விழுந்தும் வண்டிகள் நகராமல் போகவே, போக்குவரத்துக் காவலர் முதலில் விரட்டினார். பிறகு தன் தங்கை மகனுக்காக அவரும் இரண்டு கேள்வி கேட்டுக்கொண்டார்.

அவரை வேலையை விட்டு நீக்கத்தான் தாளாளர் நினைத்திருந்தார். கையெழுத்துப் போடப் பேனாவை எடுப்பதற்குள் கைபேசியில் மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. அந்த வருஷம் ஒரு சீட்டும் மிஞ்சவில்லை. தொலைபேசி அறைப் பெண்கள் பொழுது போகாமல் தபாலில் பட்டப்படிப்பு சேர்ந்தார்கள். தாளாளர் ஒரு மாநாட்டுக்குப் போய், உயர்கல்வி நிறுவனங்களுக்கான வெளிப்படை விளம்பர உத்தி என்ற தலைப்பில் பேசிவிட்டு வந்தார். அந்த யோசனையும் குளிக்கும்போதுதான் வந்ததாம். கேட்டுவிட்டு வந்த மற்ற தாளாளர்கள் தங்கள் பலகைகளிலும் ஆளை ஏற்றினார்கள். ஆனால் ஏறியவர்களுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்ததால், காற்றடித்ததும் விழுந்துவிட்டார்கள். பெரிய அடி ஒன்றும் இல்லை.

பேனர்காரர் காலை ஒன்பதுக்கு ஏறி, தெருவிளக்கு எரிகிற நேரத்தில் இறங்குவார். வருகைப் பதிவு இயந்திரத்தையே ஏணியடியில் கொண்டுவந்து பொருத்திவிட்டார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் போயிற்று. அவருடைய முதுகு மெல்ல மெல்ல வெள்ளையாகிக்கொண்டு வந்தது. அவர் தூக்கத்தில் புரண்டால் சரசரவென்று கேட்கிறது என்று மனைவி சொன்னார். முதலில் பயமாக இருந்ததாம், இப்போது அந்தச் சத்தம் இல்லாமல் தூக்கம் வருவதில்லையாம். ஞாயிற்றுக்கிழமைகளில் தேங்காய் எண்ணெய் தடவி விட்டுப் பார்த்தார். நிறம் திரும்பவில்லை, எண்ணெய் வழுக்கியது. பெண் மூன்றாம் வருஷத்துக்கு வந்திருந்தாள். மதிய இடைவேளையில் வீட்டிலிருந்து டப்பாவில் வந்த சாப்பாட்டை எடுத்துக்கொண்டு ஏணியடியில் வந்து நிற்பாள். சார், சாப்பாடு என்பாள். அவர் கயிற்றில் தூக்கை இறக்குவார்.

அப்படி ஒருநாள் அவள் வந்து நின்ற நேரம், சிக்னலில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் நின்றது. பின்னால் மகன் உட்கார்ந்திருந்தான். ஓட்டி வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றி, மேலே பார்த்து, மற்ற யாரும் கேட்காததைக் கேட்டார். “அதெல்லாம் சரிங்க. உங்க புள்ளையா இருந்தா இங்க சேப்பீங்களா?”

பேனர்காரர் கீழே பார்த்தார். அவள் டப்பாவைப் பிடித்தபடி, கண்கூசிக்கொண்டு, மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சேத்திருக்கேன்,” என்றார். “மூணாவது வருஷம் படிக்கிறா. அதோ, கீழ நிக்கிறா பாருங்க.”

வண்டிக்காரர் அவளைப் பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டார், பச்சை விழுந்ததும் வண்டியைக் கல்லூரி வாசல் பக்கம் திருப்பினார். தூக்கு இறங்கி வந்து முகத்துக்கு நேரே ஆடியது. அதில் டப்பாவை வைக்காமல் நின்றாள்.

“இறங்கி வந்து சாப்பிடுங்கப்பா,” என்றாள். “ஆறிப்போகுது.”

அவர் இறங்கி வந்து, ஏணியின் கடைசிப் படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டபோது புறங்கையில் கொஞ்சம் சாயம் ஒட்டியது. அவள் தன் கைக்குட்டையால் அதைத் துடைத்துவிட்டு, மத்தியான வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினாள். அவர் கையைக் கழுவிக்கொண்டு மேலே ஏறினார். சிக்னலில் இரண்டு பேருந்துகள் காத்திருந்தன.