பதினேழாம் நம்பர் வீட்டுக் கேரட்

வெள்ளையம்மாவின் கையில் கேரட் இருந்தது. கேரட் மட்டுமா? முட்டைக்கோசு, உருளைக்கிழங்கு என்று ஒரு மூங்கில் கூடை வழிய வழிய இருந்தது. செத்துப் பதின்மூன்று வருஷம் கழித்து அம்மாவுக்கு இப்படியொரு விளைச்சல் கண்டிருக்கிறதே என்று செல்வராணி அந்தச் சுவர் ஓவியத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றாள்.

உலு திராம் வெயிலில் கேரட் விளையாது. அதற்குக் கேமரன் மலைக்குப் போக வேண்டும். இந்த மண்ணில் முப்பத்தொரு தமிழ்க் குடும்பங்கள் தண்டுக்கீரையும் வெண்டையும் பயற்றங்காயும் போட்டு, விடியுமுன் சிங்கப்பூர் லாரிக்கு ஏற்றிக்கொண்டிருந்தன. சுற்றுவட்டாரத்தில் கீரைக் கம்பம், அதாவது கீரைக் கிராமம், என்றால்தான் தெரியும். இப்போது அதற்குப் பெயர் கில்டேர் கார்டன்ஸ். ஐரிஷ் கிராமத்துப் பாணியாம். வாசலில் மூன்றிலைச் செடி போட்ட இரும்புக் கதவு, உள்ளே கல் பதித்த மாதிரி பெயின்ட் அடித்த சுவர்கள். இந்த மண்ணை ஓர் அயர்லாந்துக்காரன் மிதித்ததாகத் தகவல் இல்லை. ஆனால் கூடைக் காய்கறிகள் மட்டும் அங்கிருந்து நேராக வந்து அம்மாவின் கையில் இறங்கியிருந்தன.

"எப்படி ஆன்ட்டி? ஆத்தென்டிக்கா இருக்குல்ல?" என்றாள் ஷாமளா. வீடு விற்கும் கம்பெனியில் விளம்பரப் பிரிவு. பாரம்பரியச் சுவர் அவளுடைய யோசனை. ஆறு நாளில் திறப்பு விழா. அதில் 'நினைவலைகள்' என்று மூன்று நிமிஷம் பேசத்தான் செல்வராணியைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"அம்மா கையில தகரம் இருந்துச்சே, அது எங்க?"

"எந்தத் தகரம்?"

"பதினேழுன்னு போட்ட தகரம்."

ஷாமளா கொஞ்சம் யோசித்தாள். "ஓ, அந்த போர்டா? அதப் பார்த்தா போலீஸ் பிடிச்சிட்டுப் போன மாதிரி இருக்குன்னு டிசைனர் எடுத்துட்டாரு. ஃபேமிலிங்க பார்க்கற இடம்லா."

டிசைனர் சொன்னதில் தப்பில்லை. தொண்ணூற்றொன்றில் அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். வீட்டுக்கொரு தகரத்துண்டில் நம்பர் எழுதி, வீட்டுக்காரர் நெஞ்சுக்கு நேரே பிடிக்கச் சொல்லி, வரிசையாகப் படம் எடுத்தார்கள். இந்த நம்பர் பத்திரம், நம்பர் இருந்தால் மாற்று வீடு உண்டு என்றார் அவர்களில் பெரியவர். மூன்று மாதத்தில் மண்வாரி இயந்திரம் வந்தது. அப்போது செல்வராணிக்குப் பதினாறு வயது. தகரக் கொட்டகையில் 'ரெண்டே வருஷம்' என்று கொண்டுபோய்ப் போட்டார்கள். வெள்ளையம்மா செத்ததும் அந்தக் கொட்டகையில்தான். அதுவரை மாதம் ஒருமுறை தகரத்தைப் பையில் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்கு நடந்தாள். பதில் மாறவே இல்லை: ஃபைல் கிடைக்கவில்லை.

"இந்தப் படம் உங்களுக்கு எங்க கிடைச்சுச்சு, ஷாமளா?"

"பழைய ஆபீஸ் ஃபைல்ல, ஆன்ட்டி. நாங்க லெட்டர் போட்டோம், ரெண்டே நாள்ல எடுத்துக் குடுத்துட்டாங்க. முப்பத்தொரு படமும் அப்படியே இருந்துச்சு. லக்கிதான்!"

செல்வராணி மறுபடி சுவரைப் பார்த்தாள். அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு முன்பல் இரண்டு கிடையாது. சுவரில் முப்பத்திரண்டும் இருந்தன.

அன்றைக்கே மணியத்தின் வீட்டுக்குப் போனாள். கம்பத்தில் பதினெட்டாம் நம்பர், பக்கத்துத் தோட்டம். அப்போதே கட்சிக் கிளையில் செயலாளர். பதினெட்டுக்கு முதல் குலுக்கலிலேயே மாற்று வீடு விழுந்தது. இப்போது பாரம்பரியக் குழுத் தலைவர். அந்தப் பதவிக்கென்றே பத்திக் சட்டை தைத்திருந்தார்.

"மணியண்ணே, அந்த நம்பர மட்டும் திரும்பப் போடச் சொல்லுங்க. வேற ஒண்ணும் கேக்கல."

"ஏன் ராணி, நல்லாத்தானே இருக்கு? சுவர்ல எனக்குப் பூசணிக்கா குடுத்திருக்கான். நாம எந்தக் காலத்துல பூசணி போட்டோம்? நான் ஏதாச்சும் சொன்னேனா?"

"உங்களுக்கு நம்பர் எதுக்கு? வீடு வந்துருச்சு. எங்கம்மாவுக்கு ஃபைலே இல்லைன்னாங்க. இருந்திருக்கு. அது நாலு பேருக்குத் தெரியணும்."

"தெரிஞ்சு? போன வீடு வருமா? அலமாக், டத்தோ வர்றாருலா. பழச எல்லாம் கிளறாத. ஒரே குடும்பமா இருந்தோம், அதச் சொல்லு. ஜனங்க கண் கலங்கணும்."

ஒரே குடும்பம். மணியத்தின் அம்மா வாரத்துக்கு இரண்டு தரம் வரப்பை வெட்டித் தண்ணீரைத் தன் பாத்திக்குத் திருப்பிக்கொள்வாள். வெள்ளையம்மா வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அவளுடைய மூன்று தலைமுறையையும் பெயர் சொல்லித் திட்டுவாள். மறுநாள் அதே வேலிக்கு மேலாக ஒரு கட்டுக் கீரை போகும், ஒரு கிண்ணம் கருவாட்டுக் குழம்பு வரும். இதைச் சொன்னால் யார் கண்ணும் கலங்காது என்பது உண்மைதான்.

விழாவன்று தலைமை விருந்தினரான டத்தோ பட்டக்காரர் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்து, மண்ணின் மணம் பற்றி நாற்பது நிமிஷம் பேசினார். ஏசி போட்ட மண்டபத்தில் மணம் நன்றாகவே தாங்கியது. மணியம் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார், அவர் மணியத்துக்குப் போர்த்தினார். மிஞ்சிய ஒன்றை இருவரும் சேர்ந்து கம்பெனிக்காரருக்குப் போர்த்தினார்கள். அதற்குப் பிறகுதான் செல்வராணியின் மூன்று நிமிஷம் வந்தது.

"எங்கம்மா கேரட் போட்டதே இல்ல," என்று தொடங்கினாள்.

மண்டபம் கொல்லென்று சிரித்தது. டத்தோவும் சிரித்தார். சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறோம் என்று ஷாமளா முகம் மலர்ந்தாள்.

"உருளைக்கிழங்கும் போட்டதில்ல. கீரைதான். இந்தப் படம் எடுத்தப்ப அவங்க கையில கூடையும் இல்ல. இதுதான் இருந்துச்சு." பையிலிருந்து தகரத்தை எடுத்து நெஞ்சுக்கு நேரே பிடித்தாள். "பதினேழு. இது இருந்தா வீடு உண்டுன்னு சொன்னாங்க. இருபது வருஷம் ஃபைலக் காணோம்னாங்க. அந்த ஃபைல்லருந்துதான் இந்தப் படத்த..."

மைக் நின்றது. நின்ற கையோடு உறுமி மேளம் தொடங்கியது. யாரோ வந்து அவள் முழங்கையை மெல்லத் தாங்கி, அம்மாவைக் கீழே இறக்கிவிடுகிற மகனைப் போல இறக்கிவிட்டார்கள். மண்டபம் கைதட்டியது. துருப்பிடித்த தகரம் முன்வரிசைக்குக்கூட பிஸ்கட் டின் மூடியாகத்தான் தெரிந்திருக்கும். மணியம் தன் பொன்னாடையின் சரிகையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

இரண்டு வாரம் கழித்து அவரே போன் செய்தார். குரலில் அப்படி ஒரு பெருமை.

"ராணி! நீ பேசினது வீண் போகலலா. கம்பெனியில மீட்டிங் போட்டு, சுவர மாத்திட்டாங்க!"

அவள் போனைக் காதோடு சேர்த்து அழுத்தினாள். "நம்பர் போட்டுட்டாங்களா?"

"கேரட்ட எடுத்துட்டாங்க! தண்டுக்கீரை குடுத்திருக்காங்க. வாழ நார்ல கட்டின கட்டு, அச்சு அசல். என் பூசணியையும் தூக்கிட்டு வெண்டைக்கா வச்சிருக்கான். படம் அனுப்பறேன், பாரு. கீழ உன் பேர் கூட இருக்கு, தகவல் உதவின்னு."

படம் வந்தது. கீரைக் கட்டு நன்றாகத்தான் இருந்தது. நார் முடிச்சுகூட அம்மா போடுகிற முடிச்சு. போன் திரை சின்னது, நம்பர் எங்காவது ஓரமாக இருக்கலாம் என்று ஒரு பாழாய்ப்போன நப்பாசை. மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

மூன்றிலைக் கதவுக்கு முன்னால் காவலாளி கையை நீட்டித் தடுத்தான். நேப்பாளப் பையன். மரியாதையான மலாயில் கேட்டான், எந்த வீடு, நம்பர் என்ன என்று.

"பதினேழு," என்றாள், யோசிக்காமல்.

அவன் பட்டியலில் விரலை ஓட்டினான். பதினேழு காலி, இன்னும் விற்கவில்லை, அங்கே யாரும் இல்லை, ஆன்ட்டி என்றான். கிளப் ஹவுஸ் சுவரைப் பார்க்க வந்தேன் என்றாள். அதற்கு அனுமதி உண்டு, விருந்தாளி அட்டை வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். எட்டு என்று பெரிதாக எழுதிய பிளாஸ்டிக் அட்டையைக் கொடுத்து, தரையில் போட்டிருந்த கோட்டுக்குப் பின்னால் நிற்கச் சொன்னான். படம் எடுக்கப் போனை உயர்த்தினான். அட்டையை நெஞ்சுக்கு நேரே, இன்னும் கொஞ்சம் மேலே, நம்பர் தெரிகிற மாதிரி.

அவள் பிடித்தாள். கை தானாகவே சரியான உயரத்துக்குப் போனது.

கொஞ்சம் சிரிங்க ஆன்ட்டி என்றான் பையன், நல்ல மனதோடு.

அவள் சிரிக்கவில்லை. சிரிப்பை அவர்கள் பிறகு வரைந்துகொள்வார்கள்.