நாய்க்குத் தெரிகிற பழக்கடை

அவன் இன்னும் ஒரு ரயிலையும் ஓட்டவில்லை. எழுத்துத் தேர்வில் தேறிய அன்றே சொந்தபந்தம் மொத்தமும் அவனுக்கு 'டிரைவர்' என்று பெயர் சூட்டிவிட்டது. பார்த்த கடை வேலையையும் கையோடு விட்டாயிற்று. பாக்கி, திங்கட்கிழமை கண் பரிசோதனை மட்டும்தான்.

மனைவி சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். எந்த மிருகத்துக்கு உலகம் எப்படித் தெரியும் என்று காட்ட, பழக்கடை, பூங்கா, தெரு என ஜோடி ஜோடியாகப் படம் அச்சடித்து வந்திருந்தாள். ஒன்று நமக்குத் தெரிவது. மற்றது சிவப்பும் பச்சையும் செத்துப்போய் நாய்க்குத் தெரிவது. அடியில் பெயர்ச்சீட்டு ஒட்டும் வேலையை டிரைவர் தலையில் கட்டினாள்.

மறுநாள் வகுப்பில் ஒரு வாண்டு எழுந்தது. "டீச்சர், அப்ப நாய்க்குத்தான் ஆப்பிள் சிவப்பா? நமக்குச் சேறா?" வகுப்பே உருண்டு சிரித்தது. பாதிச் சீட்டு இடம் மாறியிருந்தது.

சாயங்காலம் படங்களை அவன் முன்னால் போட்டாள். "சீட்டு ஒட்டக்கூடத் துப்பில்லையா உங்களுக்கு?"

"நீ ஏமாந்துட்டு என்னைக் கேக்குறியா? பிரிண்ட் கடைக்காரன் ஒரே படத்தையே ரெண்டு ரெண்டா அடிச்சுக் குடுத்திருக்கான். சொன்னா சண்டைக்கு வருவேன்னு குத்துமதிப்பா ஒட்டினேன்."

வாய் நிறைய வைத்திருந்த வசவு அவளுக்குள்ளேயே நின்றுவிட்டது. நாயின் பழக்கடையில் சேற்று நிறத்தில் கிடந்த ஆப்பிளைத் தொட்டாள். "இது என்ன கலர்?"

"ஆப்பிள். சிவப்பு."

அவன் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியவில்லை என்று மெல்லச் சொன்னாள். அவன் பேரத்தில் இறங்கினான்.

"எந்த இடத்துல விளக்கு எரியுதுன்னு பாத்தே சிக்னலைச் சொல்லிடுவேன்."

"விளக்கு காட்ட மாட்டாங்க. புள்ளிப் படம் காட்டுவாங்க. புள்ளிக்குள்ள நம்பர் இருக்கும்."

"மருந்து?"

"பிறவியிலேயே வர்றதுங்க."

"அப்ப மனப்பாடம்தான். அவ்வளவு புத்தகத்தையும் முழுங்கினவனுக்கு இது எம்மாத்திரம்?"

செல்போனில் அப்படி ஒரு புள்ளிப் படத்தைத் தேடி எடுத்தாள். உற்றுப் பார்த்தான், தூரத்தில் வைத்துப் பார்த்தான். "இதுல நம்பர் எங்க இருக்கு?"

அவன் விரலைப் பிடித்துச் செல்போன் கண்ணாடி மேல் எழுபத்து மூணு வரைந்தாள். கையை விட்டதும் அவன் தானே வரைந்தான். விரல் மூணின் வாலைத் தாண்டி வெறும் புள்ளிகளில் போய்க்கொண்டே இருந்தது.

"புரிஞ்சிடுச்சு. அடுத்தது காட்டு."

திங்கட்கிழமை அங்கே புள்ளிப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தை விரிப்பார்களோ, யார் கண்டது. அவள் அதைச் சொல்லவில்லை. அடுத்த படத்துக்குத் தள்ளிவிட்டு, அவன் விரலுக்காகக் கையை நீட்டினாள்.