கறிவேப்பிலை வாளி

சிலிபினில் எங்கள் அடுக்குமாடியில் என் கறிவேப்பிலையைப் பார்த்து வயிறெரியாத ஆள் கிடையாது. மூன்றாம் மாடி நடைபாதையில், பழைய பெயின்ட் வாளியில் வைத்த செடி. நோஞ்சானாகக் கிடந்தது, திடீரென்று கரும்பச்சையாய்த் தளதளவென்று கிளம்பிவிட்டது. "என்னதான் போடுறீங்க புனிதாக்கா?" என்று எதிர்வீட்டு சரளா கேட்கும்போதெல்லாம், "புளிச்ச மோர்தான், வேறென்ன?" என்று அலட்டிக்கொள்வேன். பெருமை பிடிபடவில்லை எனக்கு.

செடி கொழிக்க, வீட்டுக்குள்ளே தம்பி பெண்டாட்டி தினேஸ்வரி வெளிறிக்கொண்டே போனாள். அப்போது அவளுக்கு ஆறு மாதம். பத்துப் படி ஏறினால் மூச்சிரைக்கும். மூத்தவன் பிறந்தபோது ரத்தம் நிற்காமல், பத்து காஜா ஊர் ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் போராடி மீட்ட உயிர் அவளுடையது. அன்றைக்குத் தம்பி ஜெயபாலன் சுவரில் முட்டிக்கொண்டு அழுதது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. அதனால் இந்த முறை கிளினிக்கில் இரும்புச்சத்து மாத்திரையைக் கையில் கொடுத்தபோது எனக்குப் போன உயிர் வந்தது. சும்மா கொடுக்கிறார்கள், விழுங்க வேண்டியதுதானே! ஆனால் ரத்தம் பார்க்கும்போதெல்லாம் நர்ஸ் லத்தீபா மிஸ்ஸி உதட்டைப் பிதுக்கினார்.

"ரத்தச்சத்து பதினொண்ணாவது இருக்கணும்க்கா. இவங்க ஒம்பதக்கூட தொடல. பிரசவத்துல மறுபடியும் ரத்தம் போச்சுன்னா உடம்பு தாங்காதுலா."

"மாத்திரை சாப்பிடுறியாடி?" என்று கேட்டால், "சாப்பிடுறேன் அண்ணி" என்பாள். நானும் நம்பினேன்.

ஒருநாள் காலையில் வாளி மண்ணைக் கிளறினேன். குச்சியில் ஏதோ தட்டுப்பட்டது. பாதி கரைந்த மாத்திரைகள்! துருநிறத்தில், ஒன்றா இரண்டா! எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"அடிப்பாவி! இங்க வாடி!"

வந்தாள். வாளியைப் பார்த்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "அதை முழுங்கினா வெளிக்குக் கருப்பா போவுது அண்ணி. அப்ப உள்ள இருக்கற புள்ளையும் கருப்பாத்தானே ஆவும்? பொம்பளப் புள்ளைன்னு வேற ஸ்கேன்ல சொல்லிட்டாங்க. ஸ்கூல்ல என்னை என்னென்ன பேரு வச்சுக் கூப்பிட்டாங்க தெரியுமா?"

குச்சியைக் கீழே போட்டுவிட்டேன். நானும் கருப்புதான். பெண் பார்க்க வந்தவர்கள் தே தண்ணியைக்கூட முழுசாகக் குடிக்காமல் எழுந்து போனதை மறந்துவிட்டேனா என்ன?

"தினேஸு, கருப்பா பொறந்தா என் மடியில போடு. ராணி மாதிரி வளக்குறேன். ஆனா நீ உயிரோட இருக்கணும்டி."

அன்றே கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன். மிஸ்ஸி கோபப்படவில்லை. "உடம்பு எடுத்தது போக மிச்ச இரும்புதான் அப்படிக் கருப்பா வெளிய வருது. புள்ளையோட நிறம் அப்பா அம்மா குடும்பத்துலேருந்து வர்றது, தங்கச்சி. மாத்திரைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றார். மாத்திரையோடு தே தண்ணி கூடாதாம், சத்து ஒட்டாதாம். கொய்யாவோ ஆரஞ்சோ சாப்பிட்டால் நல்லதாம். அவ்வளவுதான், தேத்தூள் டப்பா அலமாரி உச்சிக்குப் போனது. "நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று ஜெயபாலன் புலம்பினான். யார் கேட்டார்கள்! தினமும் அவள் மாத்திரையை விழுங்கி வாயைத் திறந்து காட்டினால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

இன்றைக்கு மறுபடியும் ரத்தம் பார்த்தார்கள். எட்டு மாதம் முடியப்போகிறது. மிஸ்ஸி விரலில் குத்தி, சொட்டு ரத்தத்தை மிஷினில் வைத்தார். தினேஸ்வரி என் கையை நெரித்தாள். மிஸ்ஸி மிஷினைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

"பதினொண்ணு புள்ளி ரெண்டு!"

ஹோவென்று கத்திவிட்டேன். கிளினிக்கே திரும்பிப் பார்த்தது. என்ன ஏதென்று தெரியாமலே ஒரு மலாய்க்கார அம்மா "பாகுஸ், பாகுஸ்!" என்று பாராட்டிக் கைதட்டினார்.

வீட்டுக்கு வந்தால் லிஃப்ட் கெட்டுக் கிடந்தது. போகட்டும்! தினேஸ்வரி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, எனக்கு முன்னால் மூன்று மாடியும் ஏறிவிட்டாள். பின்னால் மூச்சு வாங்கியது நான்தான். மேலே சரளா வாளிப்பக்கம் குனிந்து நின்றாள்.

"என்னக்கா, செடி இப்படி மஞ்சளடிக்குது? மோர் ஊத்துறதில்லையா?"

"ஊத்துறேன், ஊத்துறேன். அதோட சாப்பாட்டைத்தான் இப்ப வேற ஒருத்தி சாப்பிடுறா."

சரளா விழித்தாள். தினேஸ்வரி வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே "ஆ!" என்று நின்று, என் கருத்த கையை இழுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.

உள்ளேயிருந்து ஓங்கி ஓர் உதை விழுந்தது.