தம்பி தூங்குதுங்க

குணாவின் வலது மணிக்கட்டைக் கட்டிலோடு கட்டியிருந்த துணியின் முடிச்சு அவிழவே இல்லை. சத்யப்பிரியா பல்லால் கடித்து இழுத்தாள். ஆயா வந்து வெட்டிவிடுவாள், விடுங்க என்று நர்ஸ் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. அவன் இறந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அவன் விரல்கள் இன்னும் மடங்கின.

குணா அவளுடைய கொழுந்தன். முப்பத்திரண்டு வயது. பேச்சு வராது. சின்ன வயதிலேயே ஆட்டிசம் என்று கோயமுத்தூரில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். மாமியார் போன பிறகு பதினோரு வருசமாக அவனுக்கு எல்லாமே அண்ணன் பொண்டாட்டிதான். வேலம்பாளையத்து வீட்டின் முன்பக்கம் அவள் கணவன் மோகன்ராஜ் நாலு ஓவர்லாக் மிஷின் போட்டு பனியன் தைத்தான். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் குணா சாந்தமாக உட்கார்ந்திருப்பான். வயிறு வலித்தால் மட்டும் இடது காதில் ஓயாமல் அறைந்துகொள்வான். அதைக் கண்டுபிடிக்க அவளுக்கு இரண்டு வருசம் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை வாந்தியும் காய்ச்சலுமாக ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். குணா காதில் அறைந்தபடியே கத்தினான். ஸ்கேனுக்கு அவனைப் படுக்கவைக்க முடியவில்லை.

"தம்பிக்கு வயித்து வலிங்க டாக்டர். காதுல அடிச்சா அதுக்கு அதுதாங்க அர்த்தம்."

டாக்டர் இரண்டடி தள்ளி நின்றே பார்த்தார். இந்த மாதிரி ஆட்கள் இடம் மாறினால் இப்படித்தான் செய்வார்கள், அமைதியானதும் ஸ்கேன் எடுக்கலாம் என்றார். பக்கத்துக் கட்டில்காரர்கள் முணுமுணுத்தார்கள்.

திங்கட்கிழமை மத்தியானம் கைகளைக் கட்டிலோடு கட்டித் தூக்க ஊசி போட்டார்கள். கட்டுவதற்குக் கையைப் பிடித்துக் கொடுத்தவள் அவள்தான். கொஞ்ச நேரத்தில் குணா ஓய்ந்தான். வார்டே அமைதியானது. ஸ்கேன் பேச்சை யாரும் எடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. மோகன்ராஜுக்குப் போன் செய்தாள்.

"தம்பி தூங்குதுங்க. நீங்க வர வேண்டாம், வேலையப் பாருங்க."

பிறகு கட்டிலுக்குக் கீழே பாயை விரித்துப் படுத்தாள். இரண்டு நாள் கண்மூடாத உடம்பு. என்ன சுகமான தூக்கம் அது! சாயங்காலம் டீக்காரர் குரல் கேட்டு எழுந்தபோது குணா வேர்த்து நனைந்திருந்தான். தொட்டுப் பார்த்தாள், வயிறு பலகை மாதிரி இருந்தது. அப்புறம்தான் எல்லோரும் ஓடினார்கள். குடல் ஓட்டையாகிச் சீழ் பரவிவிட்டது என்றார்கள். செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு எல்லாம் முடிந்தது.

வீட்டில் மிஷின்களை நிறுத்தியிருந்தார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள், அவனுக்கும் விடுதலை, உனக்கும் விடுதலை என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். அந்தப் பேச்சுக்கு நடுவே பட், பட் என்று அறையும் சத்தம் கேட்டது. சட்டென்று திரும்பினாள். குணா அசையாமல் கிடந்தான். அவனுடைய கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து யாரோ துணியால் கட்டிவிட்டிருந்தார்கள். மறுபடியும் கேட்டது. வேறு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மோகன்ராஜ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மத்தியானம் நல்லாத்தான தூங்குனான், சத்யா?"

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"நாந்தானுங்க தூங்குனேன்."

அவன் எழுந்து போகவில்லை. கூப்பிட ஆள் வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தான்.

குளிப்பாட்ட வாசலில் பெஞ்சு போட்டார்கள். பெரியப்பா அப்புசாமி பெண்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். சத்யப்பிரியா ஆண்களை விலக்கிக்கொண்டு தலைமாட்டில் போய் நின்றாள்.

"அம்மிணி, இது ஆம்பளைங்க செய்யறது சாமி."

"இருக்கட்டும் உடுங்க பெரியப்பா," என்றான் மோகன்ராஜ்.

அவன் குடத்தைச் சாய்த்தான். அவள் உள்ளங்கையைக் குணாவின் நெற்றியில் குறுக்காக வைத்து, தண்ணீர் கண்ணுக்குள் இறங்காமல் ஓரமாக வழித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.