கண்ணை மூடினால் தூக்கும் கைகள்

எங்கள் ஊரில் கஞ்சா மருந்துக்கு ஆதரவே இல்லை என்று சொல்கிறவனை என்னோடு ஒரு நாள் படியேறி இறங்க விட வேண்டும். வருஷக்கணக்கில் மனுவைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனவள் நான். கதவைத் திறக்கிறவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். "நேடீன், நான் உன் பக்கந்தான். ஆனா என் பேரை மட்டும் வெளியில சொல்லிடாதே." கையெழுத்து கேட்டால் அடுப்பில் ஏதோ தீய்கிறதென்று உள்ளே ஓடுவார்கள். வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருக்கிறார்கள் என்று எரிச்சலாக வரும்.

என் புருஷன் லைல் கூரை வேலை செய்தவன். ஏணி சறுக்கிக் கழுத்தில் அடிபட்டதிலிருந்து சக்கர நாற்காலிதான். கையும் காலும் திடீரென்று விறைத்து இழுக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பான். டாக்டர் கொடுத்த மாத்திரை அவனை நாள் முழுக்கத் தூங்க வைத்ததே தவிர இழுப்பை நிறுத்தவில்லை. பக்கத்து மாநிலமான மிசௌரியில் கடை போட்டு விற்கிற கஞ்சா எண்ணெயைக் கொஞ்சம் நாக்கில் விட்டால் போதும், உடம்பு தளர்ந்துவிடும், என்னைக் கிண்டல்கூடச் செய்வான். அந்தக் கடை எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஆனால் நடுவில் மாநில எல்லை ஓடுகிறது. அந்தப் பக்கம் மருந்து, இந்தப் பக்கம், எங்கள் கான்சஸில், குற்றம்.

கான்சஸ் வண்டிகளை மடக்குவதற்கென்றே எல்லையில் போலீஸ் நிற்கும். குளிர்காலத்தில் என்னை மடக்கினார்கள். எண்ணெயைப் பறித்துக்கொண்டு வழக்குப் போட்டார்கள். "அடுத்த தடவை ஜெயில்தாம்மா, அப்புறம் உன் வீட்டுக்காரரை யார் பாத்துப்பா?" என்றான் ஒருவன், ஏதோ என் மேல் அக்கறை இருக்கிற மாதிரி. அன்றிலிருந்து லைலுக்கு எண்ணெய் இல்லை.

தலைநகர் டோப்பிக்காவில், கஞ்சா மருந்தை அனுமதிக்கிற மசோதா சட்டமன்றக் கமிட்டியில் நின்றது. வியாழக்கிழமை வாக்கெடுப்பு. ஒரு ஓட்டு குறைந்தது. அந்த ஓட்டு எங்கள் தொகுதி உறுப்பினர் கேலன் வைஸின் கையில் இருந்தது. அவர் எங்கள் சர்ச் சபையில் டீக்கன், பாஸ்டருக்குத் துணையாக நிற்கிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் லைலின் நாற்காலியைச் சரிவில் தள்ளி ஏற்றுவதே அவர்தான். கெட்ட மனுஷனாக இருந்திருந்தால் எனக்கு இத்தனை கோபம் வந்திருக்காது.

புதன்கிழமை சபையில் சாப்பாடு. வழக்கம்போல பீன்ஸ் போட்ட சில்லிக் குழம்பும் பட்டைத்தூள் தூவிய இனிப்பு ரோலும். தட்டோடு நின்ற கேலனைப் பிடித்தேன்.

"நாளைக்கு ஆமான்னு சொல்லிடுங்க கேலன்."

"எனக்கு மட்டும் லைல் மேல பாசம் இல்லையா நேடீன்? ஆனா நம்ம ஜனங்க யாரும் இதைக் கேக்கலையே. ஒரு போன்கூட வரல. நீ ஒருத்திதான் தொண்டை கிழியக் கத்திக்கிட்டிருக்கே."

"அவங்க கேட்டா?"

"கேட்டா, மாட்டேன்னு சொல்ல நான் யாரு?" ரோலைப் பிய்த்துச் சில்லியில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஜெப விண்ணப்பங்கள். என் முறை வந்ததும் எழுந்து நின்றேன்.

"எல்லாரும் தலையைக் குனிங்க. கண்ணை மூடுங்க. யாரும் யாரையும் பாக்கக்கூடாது."

மனந்திரும்ப நினைக்கிறவர்களைக் கை தூக்கச் சொல்லும்போது பாஸ்டர் பேசுகிற வார்த்தைகள் இவை. கேட்டுக் கேட்டுப் பழகிய தலைகள் தாமாகக் கவிழ்ந்தன. பாஸ்டரின் தலையும்தான்.

"கேலன், நீங்க மட்டும் கண்ணைத் திறந்து வெச்சுக்கோங்க. லைலோட மருந்து சட்டப்படி கெடைக்கணும்னு நெனைக்கிறவங்க கையைத் தூக்குங்க."

நானும் கண்ணை மூடிக்கொண்டேன். சொன்ன சொல் எனக்கும் சேர்த்துத்தானே. துணி உரசும் சத்தம் கேட்டது. ஒரு மூலையில் இல்லை, கூடம் முழுக்கக் கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்," என்றார் கேலன். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

"யாரும் கையை எறக்காதீங்க," என்றார் கேலன். "அப்படியே கண்ணைத் திறங்க."

திறந்தேன். தூக்கிய கைகள் எல்லாம் இறங்கிவிட்டிருந்தன. முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் என் பக்கத்து வீட்டு ரொவீனா கொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். ஒருவர் காப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தார். என் பக்கத்தில் நாற்காலியில் இருந்த லைலின் வலது கை மட்டும் மேலே நின்றது, விரல்கள் மடங்கி, மணிக்கட்டு திருகி.

"எறக்கிடுப்பா லைல். உன் விருப்பம் தெரிஞ்சதுதானே."

"முடியலை கேலன். விறைச்சுக்கிச்சு." பல்லிடுக்கில்தான் பேசினான். "நீயே வந்து எறக்கி விடு."

கேலன் வந்தார். மணிக்கட்டைப் பிடித்து மெல்ல அழுத்தினார். இறங்கவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினார். லைல் அலறினான். கேலன் சூடு பட்டவர்போல விட்டுவிட்டுப் பின்வாங்கினார்.

"பாருங்கடா!" என்று கத்தினேன். சபை என்றும் பார்க்கவில்லை, பாஸ்டர் என்றும் பார்க்கவில்லை. "பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருண்டு போயிடுமா? இப்பத்தான் தூக்கினீங்க! இந்த மனுஷன் போட்ட கூரைக்குக் கீழதானே உங்கள்ல பாதிப் பேர் தூங்குறீங்க!"

"ஜெபிப்போம்," என்றார் பாஸ்டர். மறுபடி எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

மறுநாள் கேலன் வேண்டாமென்று ஓட்டுப் போட்டார். என் ஜனங்களிடம் நேருக்கு நேர் கேட்டுப் பார்த்தேன், ஒரே ஒரு கைதான் நின்றது என்று மைக்கில் சொன்னார். பொய்யும் இல்லை. மசோதா செத்தது.

சாயங்காலம் சபைப் பெண்கள் ஒவ்வொருத்தியாகச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். சாவு வீட்டுக்குக் கொண்டுவருவதுபோல மூடிய பாத்திரத்தில். கடைசியாக ரொவீனா வந்தாள். வாசலிலேயே நின்று, என் காதருகே குனிந்தாள்.

"நேத்து நானும் தூக்கினேன்டி. சத்தியமா."

"சத்தமா சொல்லு."

"எதை?"

"இப்பச் சொன்னதை. இந்தப் படியில நின்னு, தெருவுக்கே கேக்குற மாதிரி."

"கையில பாத்திரம் சுடுது நேடீன், முதல்ல இதை வாங்கிக்கோ."

உள்ளேயிருந்து லைலின் முனகல் கேட்டது. அவளுக்கும் கேட்டது. பாத்திரத்தை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்தேன்.

"இப்பக் கை சும்மாத்தானே இருக்கு. தூக்கு."

எதிரே யாருடைய காரோ மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. ரொவீனா அதையே பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.