மடியில் பிள்ளையார்

பிள்ளையார்பாளையத்தில் யோக்கியர்களுக்கு எந்தக் காலத்திலும் பஞ்சம் இருந்ததில்லை. இந்திராணி குடியிருந்த தெருவில் வீட்டுக்கு ஒருவராவது தேறுவார். ஜெயிலிலிருந்து விடுதலையாகி வருகிறவர்கள் தங்கிப் பிழைப்புத் தேடிக்கொள்ள, தெருக்கோடியில் இருக்கும் காலி வீட்டில் ஒரு இல்லம் வரப்போகிறது என்று சேதி பரவிய சாயங்காலமே அத்தனை யோக்கியர்களும் அவள் வீட்டு வாசலில் கூடிவிட்டார்கள். அவளுடைய புருஷன் உமாபதிதான் தெரு நலச் சங்கத்துக்குத் தலைவர்.

உமாபதி ஒரு காலத்தில் கெட்டிக்கார நெசவாளிதான். இப்போது தறிக்குழியில் காலை இறக்கினால் அவருக்கு முதுகு வலிக்கும். கூட்டத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு எத்தனை நேரம் உட்கார்ந்தாலும் வலிக்காது. அதனால் உள்ளே தறியில் இந்திராணி உட்கார்ந்திருந்தாள், வாசலில் உட்கார்ந்து அவர் ஊரைத் திருத்திக்கொண்டிருந்தார்.

தறிச் சத்தத்தைத் தாண்டியும் பேச்சு நன்றாகக் கேட்டது. போலி ஜரிகையை அசல் என்று சொல்லிப் பாதி ஜில்லாவுக்குக் கல்யாணப் புடவை விற்ற ஒருவர், திருட்டுப் பசங்கள் பக்கத்தில் இருந்தால் நாணயமாகத் தொழில் செய்கிறவன் எப்படித் தூங்குவது என்று கேட்டார். இன்னொருவர், வயசுப் பெண்கள் எப்படி நடமாடுவார்கள் என்று கவலைப்பட்டார். அவருடைய இளைய மகன் பைக்கோடு தெருமுனையில் நிற்கிற நேரத்தில் பெண்கள் ஏற்கெனவே அடுத்த தெருவைச் சுற்றிக்கொண்டுதான் போனார்கள். சங்கச் செயலாளர் கந்தன் சட்டம் ஒழுங்கைப் பற்றி ரொம்ப நேரம் பேசினார். அப்போது அவர் வீட்டு மின்விசிறி, கம்பத்தில் கொக்கி போட்டு இழுத்த கரண்டில் ஓடிக்கொண்டிருந்தது.

ஒருவர்கூடத் தினகரன் பேரை எடுக்கவில்லை. அந்த மட்டுக்கும் அவர்களுக்கு மரியாதை தெரிந்திருந்தது.

தினகரன் இந்திராணியின் கூடப்பிறந்த தம்பி. இருவரும் ஒரே தறியில் உட்கார்ந்தவர்கள். அவள் புடவையின் உடலை நெய்வாள், அவன் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு ஊடை நூல் ஓடும் நாடாவைத் தள்ளுவான். ஏழு வருஷத்துக்கு முன்னால் மதுக்கடை வாசலில் நடந்த சண்டையில் ஒருத்தனைப் பாட்டிலால் அடித்துவிட்டான். அடிபட்டவன் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். தம்பிக்காக இந்திராணி ஒரு சாக்கும் சொன்னதில்லை. செத்தவனுடைய பெண்டாட்டி கோர்ட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்த கோலம் இப்போதும் அவள் கண்ணுக்குள்ளேயே இருந்தது. அதற்காகத் தம்பி தம்பி இல்லை என்று ஆகிவிடுமா? கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மாசம் ஒரு தரம் வேலூர் ஜெயிலுக்குப் போய் அவனைப் பார்த்துவிட்டு வந்தாள். தன் மனைவிக்குப் பக்தி முற்றிவிட்டதாக உமாபதி நாலு பேரிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாசம் தினகரனுக்கு விடுதலை. வந்தால் போக இடமில்லை. அவன் தன் வாசற்படியை மிதிக்கக் கூடாது என்று உமாபதி தீர்ப்பு வந்த அன்றைக்கே சொல்லிவிட்டார். மிச்சமிருந்தது இந்த இல்லம் ஒன்றுதான். அதை நடத்தப்போகிற ஷாரோன் என்ற பெண், காய்கறிக் கடையில் இந்திராணி விசாரித்தபோது விவரம் சொல்லி, போன் நம்பரையும் கொடுத்தாள். சொந்தத்தில் ஒருவர் ஜெயில் வாசலுக்கே வந்து, இவனுக்கு நான் ஜவாப்தாரி, இனி இவன் என் பொறுப்பு என்று நிற்க வேண்டுமாம். அப்படி நிற்க ஆளில்லாதவர்களுக்கு இங்கே இடம் கிடையாதாம்.

அன்றைக்குச் சோறு போட்டுக்கொண்டே இந்திராணி புருஷனிடம் பேச்செடுத்தாள். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அவனுக்கு நீ ஜவாப்தாரியா நின்னா, நான் இந்த வூட்ல நிக்க மாட்டேன்" என்றார்.

போனால் போகட்டும் என்று ஒரு நொடி தோன்றியது என்னவோ உண்மை. ஆனால் வழக்கு நடந்தபோது பட்ட அவமானம் அவளுக்கு மறக்கவில்லை. கொலைகாரன் வீட்டு ஆள் சாமி பல்லக்குக்குத் தோள் கொடுக்கலாமா என்று கேட்டு, திருவிழாவில் உமாபதியைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். அன்றைக்கு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர் மறுநாள் வரைக்கும் பேசவில்லை. அந்த மனுஷன் பாடுபட்டுத் தேடிக்கொண்ட தலைவர் பதவி இது. தன் தம்பியால் குனிந்த தலையைத் தானே மறுபடி குனிய வைப்பதா என்று இந்திராணி வாயை மூடிக்கொண்டாள். மூடிக்கொண்டாளே தவிர, அவர் சொன்ன வார்த்தையை மறக்கவில்லை.

சங்கம் மனு கொடுத்துப் பார்த்தது. எல்லா அனுமதியும் முறையாக இருக்கிறது என்று அதிகாரிகள் கையை விரித்துவிட்டார்கள். அப்போதுதான் கந்தனுக்கு அந்த யோசனை உதித்தது. இல்லத்தின் வாசலை மறித்து ஒரு பிள்ளையாரை உட்கார வைத்துவிட்டால் தீர்ந்தது. எந்தத் துரை வந்தாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பிப் போக வேண்டியதுதான், நகர்த்த ஒருவனுக்கும் கை வராது. எல்லோரும் சபாஷ் என்றார்கள். பிள்ளையாரை எங்கே வாங்குவது என்று யாரோ கேட்டதும் கந்தன் சிரித்தார். கடையில் வாங்கின பிள்ளையாருக்கு என்ன சக்தி இருக்கும்? திருடிக்கொண்டு வந்து வைத்த பிள்ளையார்தான் கேட்டதைக் கொடுப்பார். இது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

காப்பி கொண்டுவந்த இந்திராணி தம்ளர்களைக் கீழே வைக்காமல் நின்றாள்.

"திருடனுங்க வரக் கூடாதுன்னு நீங்க திருடப் போறீங்களா?"

"சாமிய எடுத்தாரது திருட்டுல சேராதும்மா" என்றார் உமாபதி, பொறுமையாக.

பக்கத்துக் கிராமமான தாமலில், ஏரிக்கரை ஆலமரத்தடியில் ஒரு பிள்ளையார் இருந்தார். கோபுரம் கிடையாது, கதவு கிடையாது, ஒரு ஆள் தூக்குகிற அளவு. ராத்திரியில் போகலாம் என்றால் சங்கத்தில் பாதிப் பேருக்கு இருட்டில் கண் தெரியாது. ஆகவே வெள்ளிக்கிழமை, ராகுகாலம் கழித்து, உச்சி வெயிலில் போவதென்று முடிவானது. அந்த நேரத்தில் ஏரிக்கரையில் காக்காய்கூட இருக்காது என்று கந்தன் உறுதி சொன்னார். திருடப் போவதற்கு ராகுகாலம் பார்த்த கூட்டத்தை இந்திராணி அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தாள்.

கந்தனுடைய லோடு ஆட்டோவில் அவரும் உமாபதியும், பின்னால் பைக்கில் இன்னும் சிலருமாகக் கிளம்பினார்கள். இந்திராணி தறியில் உட்கார்ந்தாள். மத்தியானம் தாண்டி உமாபதியின் நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்தால் பொம்பளைக் குரல்.

"ஏம்மா, நான் தாமல்லருந்து பட்டம்மா பேசறேன். உன் வூட்டுக்காரரு எங்க புள்ளையாரத் தூக்கி மடியில வச்சிக்கினு குந்திக்கினு இருக்காரு. வந்து இன்னான்னு பாரு."

இந்திராணி முதலில் கந்தன் வீட்டுக்கு ஓடினாள். ஆட்டோ வாசலில் நின்றது. கந்தன் கொக்கி கரண்டில் ஓடுகிற விசிறிக்கு அடியில் போர்வை போர்த்திக் குளிர் ஜுரமாகப் படுத்திருந்தார். மற்றவர்கள் வெளியூர் போயிருப்பதாக அவரவர் வீட்டில் சொன்னார்கள். ஒரு பெரியவர் மட்டும் வாசல்வரை வந்து, நாலு பேர் திரண்டு போனால் தெருவின் பேர் கெட்டுவிடும், நீ மட்டும் போவதுதான் நல்லது என்று புத்தி சொன்னார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு பஸ் ஏறினாள். வழியெல்லாம் சிரிப்பு ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். எது முதலில் வெளியே வரும் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஏரிக்கரையில் நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் ஆலமரத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் உமாபதி சம்மணம் போட்டிருந்தார். மடியில் பிள்ளையார். வெள்ளை வேட்டியெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு, நெற்றித் திருநீறு வியர்வையில் கரைந்து மூக்குவரை இறங்கியிருந்தது.

அந்தப் பெண்களுக்குத் தலைவியாக இருந்த பட்டம்மாள் நடந்ததைச் சொன்னாள். வேலையை முடித்துவிட்டு அவர்கள் கரைச் சரிவில் நிழலில் படுத்திருந்தார்களாம். சங்கத்தார் அதைக் கவனிக்கவில்லை. வந்தவர்கள் தூக்கிக்கொண்டு போயிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் உத்தரவு வாங்காமல் சாமியை எடுக்கலாமா? சூடம் கொளுத்தி, தோப்புக்கரணம் போட்டு, தேங்காயும் உடைத்திருக்கிறார்கள். சத்தம் கேட்டு, பூசை போலிருக்கிறது, ஆளுக்கு ஒரு பத்தை கிடைக்கும் என்று பெண்கள் கரை ஏறி வந்தால், பிள்ளையார் உமாபதியின் கையில் இருந்தாராம். மற்றவர்கள் பறந்துவிட்டார்கள். கீழே போட்டுவிட்டு இவரும் ஓடியிருக்கலாம். பிள்ளையாரைப் போட மனசு வராமல் நின்று மாட்டிக்கொண்டார்.

அதைக் கேட்டபோது இந்திராணிக்கு அவர்மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது. இந்தக் கிறுக்கு மனுஷனுக்குத்தான் வாழ்க்கைப்பட்டோம் என்று நினைத்தாள்.

ஊர் எல்லையைத் தாண்டியிருந்தால் பிள்ளையார் அவர்களுக்குச் சொந்தம், அது வழக்கம் என்றாள் பட்டம்மாள். தாண்டுவதற்குள் பிடிபட்டால் அவன் திருடன், அதுவும் வழக்கம். போலீசுக்குப் போகலாம்தான். போனால் வழக்குக்குச் சாட்சிப் பொருள் என்று பிள்ளையாரையும் சேர்த்து உள்ளே வைத்துவிடுவார்கள், அவருக்கு எப்போது விடுதலை கிடைக்கும் என்று யார் கண்டது? அதனால் போலீஸ் வேண்டாம். தூக்கினவரே மடியில் வைத்திருக்கட்டும், அவருக்காக ஒரு ஆள் வந்து பொறுப்பேற்ற பிறகு இறக்கிக்கொள்ளலாம் என்று ஊர் தீர்மானித்திருந்தது.

"கால் மரத்துப் போச்சு, இந்திராணி. சீக்கிரம் சரின்னு சொல்லிடு" என்றார் உமாபதி.

பட்டம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு இந்திராணியின் எதிரில் நின்றாள். "ஏம்மா, இவரு இனிமே இந்த மாதிரி செய்ய மாட்டாருன்னு நீ ஜவாப்தாரியா நிக்கிறியா?"

நிற்கிறேன் என்ற சொல் இந்திராணியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அங்கேயே அது நின்றது. சோற்றுத் தட்டின் முன்னால் புருஷன் சொன்னது நினைவுக்கு வந்தது. அவள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"கேட்டுச் சொல்றேங்க" என்றாள் பட்டம்மாளிடம். பிறகு அவரிடம், "ஏங்க, தப்புப் பண்ணவனுக்கு ஜவாப்தாரியா நிக்கக் கூடாதுன்னீங்களே. இப்ப நிக்கலாமா, கூடாதா?"

பெண்கள் கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டு உமாபதியைப் பார்த்தது. இது வேற, அது வேற என்று அவர் ஏதோ ஆரம்பித்தார். எது வேற என்று இந்திராணி கேட்கவில்லை. அவர் பிள்ளையாரைப் பார்த்தார், ஏரியைப் பார்த்தார். தெருவில் ஒருத்தன்கூட வரவில்லையா என்று மெதுவாகக் கேட்டார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். அவர் முகம் விழுந்துபோயிற்று. பல்லக்கிலிருந்து தள்ளி நிற்கச் சொன்ன அன்றைக்கு இருந்த அதே முகம். அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"நில்லு" என்றார் உமாபதி கடைசியில். கொஞ்சம் பொறுத்து, "தினகரனுக்கும் நில்லு" என்றார்.

"யாரு அது தினகரன்?" என்று பட்டம்மாள் கேட்டாள்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். யாரோ என்று தட்டிக்கழித்திருக்கலாம். உமாபதி அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "என் மச்சான். ஜெயில்லருந்து வரப் போறான்" என்றார்.

அவர் வாயிலிருந்து அந்த உறவைக் கேட்டு ஏழு வருஷம் ஆகியிருந்தது. இந்திராணிக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"இன்னா பண்ணான்?"

"ஒரு ஆளக் கொன்னுட்டாம்மா" என்றாள் இந்திராணி.

யாரும் சிரிக்கவில்லை. பட்டம்மாள் அவளையே வெகு நேரம் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லப்போகிறாள் என்றுதான் இந்திராணி நினைத்தாள்.

"ரெண்டு பேருக்கும் நிக்கிறியா?"

"நிக்கிறேன்."

பட்டம்மாள் தலையை அசைத்துவிட்டு, பிள்ளையாரை இறக்குவதற்கு ஒரு பக்கம் குனிந்து பிடித்தாள். மறுபக்கம் பிடிக்கச் சொல்லி இந்திராணியைக் கூப்பிட்டாள். இந்திராணி ஒரு நிமிஷம் இருக்கச் சொல்லி, செல்போனை எடுத்து ஷாரோனின் நம்பரைத் தேடினாள். முதல்ல இதை இறக்கு, அப்புறம் பேசலாம் என்று உமாபதி கெஞ்சினார். இறக்கிவிட்டால் மனுஷன் புத்தி எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்குத் தெரியும்? போனில் மணி அடித்துக்கொண்டிருந்தது. அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தபடியே நின்றாள்.

"ஏம்மா ஷாரோன், இந்திராணி பேசறேன். என் தம்பிக்கு ஜெயில் வாசல்ல ஜவாப்தாரியா நாங்க ரெண்டு பேரும் வர்றோம். ஆமாம்மா, அவரும்தான். பக்கத்துலதான் இருக்காரு, இரு, அவரே சொல்லுவாரு" என்று சொல்லி, போனை உமாபதியின் காதோடு சேர்த்துப் பிடித்தாள். அவருக்குத்தான் இரண்டு கையும் ஒழியவில்லையே.