அணைக்காமல் கொண்டுவந்தது

மூடாத லேப்டாப்பைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு அண்ணன் கடைக்குள் வந்தான். அழிந்த கோப்புகளை மீட்டுத் தரும் கடை. அங்கே வேலை பார்க்கும் அவன் தங்கை ஒரு டிஸ்க்கைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா வீடியோவ முந்தாநாள் கை தவறி அழிச்சிட்டேன்டி. குப்பைத்தொட்டியும் காலி. வேற காப்பி இல்ல."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்தபடி அம்மா இருவரையும் மாறி மாறித் திட்டிய வீடியோ. அவள் போனபிறகு அவள் குரல் என்று மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

"எடுத்துடலாம்ல? முன்ன ஒரு வக்கீலுக்கு எடுத்துக் குடுத்தியே!"

"அது ஹார்டு டிஸ்க். உள்ள தட்டு சுத்தும். அழிச்சா, எது எங்க இருக்குங்கிற குறிப்புதான் போகும். மேல வேற எதுவும் எழுதாதவரைக்கும் விஷயம் தட்டுலயே கிடக்கும். இது எஸ்.எஸ்.டி. சிப்புக்குள்ள மின்சாரத்த அடைச்சு வைக்கிற சாமான். வேண்டாம்னு சொன்ன இடத்த, கரண்ட் இருந்தா தானாவே கூட்டிப் பெருக்கிடும். அழிச்ச உடனே ஆஃப் பண்ணினியா?"

அண்ணன் நெஞ்சை நிமிர்த்தினான். "என்னை என்ன மடையன்னு நெனச்சியா? ஒரு நிமிஷம்கூட அணைக்கல. ராத்திரியெல்லாம் சார்ஜ்லயே போட்டு வெச்சிருந்தேன். கரண்ட் போனா கம்ப்யூட்டர் எல்லாத்தையும் மறந்துடும்னு நீதானே சொன்ன?"

சொன்னாள்தான். கல்லூரியில் சேர்ந்த புதிதில். அது ரேமுக்கு மட்டும்தான், வேலை நடக்கும்போது கையில் வைத்திருக்கும் நினைவுக்கு. சேமித்தது கரண்ட் போனாலும் போகாது. அந்த மீதியை அவன் கேட்டபோது, "உனக்கெல்லாம் புரியாது, போடா" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லியிருந்தாள். அவளைப் படிக்கவைக்கப் பத்தாவதோடு லாரி ஏறியவனிடம்.

லேப்டாப்பின் டிஸ்க்கைக் கழற்றிக் கடைக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தாள். திரை முழுக்கப் பூஜ்யம். ஒரு துணுக்குகூட இல்லை. எதையும் புரியும்படி சொல்லாத படித்த கூட்டத்தின் மேல் எரிச்சல் வந்தது. அந்தக் கூட்டத்தில் தானும் ஒருத்தி என்பதில் இன்னும் எரிச்சல்.

"உடனே அணைச்சிருந்தா கெடச்சிருக்குமா?"

வாடிக்கையாளர் எவரானாலும் உடைத்துச் சொல்லிவிடுவாள். அதற்காகவே முதலாளி அவளுக்கு 'சுத்தியல்' என்று பெயர் வைத்திருந்தார்.

"இல்லண்ணா. அணைச்சிருந்தாலும் போயிருக்கும்."

அவன் முகம் தெளிந்தது. "அப்பாடா, என் தப்பு இல்ல." டிஸ்க்கைத் திரும்ப மாட்டிக் கொடுத்ததும் முதல் வேலையாக லேப்டாப்பை ஆன் பண்ணினான்.

"இனி எதுக்குண்ணா? அணைச்சிடு."

"இருக்கட்டும்டி," என்றான். சார்ஜர் ஒயரைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, மூடாமலே ஏந்திப் போனான்.